குல்லாவில் ஒட்டிய கறுப்புத் தூள்

அந்தக் கம்பளிக் குல்லாவில் பொத்தான் இல்லை, ஜிப் இல்லை. ஆனாலும் ஸ்கேன் எடுக்கும் இந்து, இரும்பைச் சோதிக்கும் கைக்காந்தத்தை அதன்மேல் ஓட்டிய ஒவ்வொரு முறையும் முனையில் பூனைமயிர்போலக் கறுப்புத் தூள் ஒட்டியது. துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். மறுபடி ஒட்டியது.

"குளுருதுங்க அம்மிணி, அதைக் குடுங்க" என்றார் அழகர்சாமி. வலது கை மரத்துப்போவதால் கழுத்தை எம்.ஆர்.ஐ. எடுக்கக் கோத்தகிரியிலிருந்து குன்னூர் வந்தவர். ஸ்கேன் மையத்தின் பருத்தி அங்கியில் நடுங்கினார். "தேயிலை விலை உளுந்ததுல பேக்டரி வாரத்துக்கு ரெண்டு நாள்தான் ஓடுது. அதுல நாளைக்கு ஒரு நாள். சீக்கிரம் உள்ள உடுங்க."

"உடம்புல இரும்பு ஏதாச்சும் இருக்குங்களாண்ணா?"

"மூணாவது வாட்டி கேக்கறீங்க. பல்லுகூடச் சொந்தப் பல்லுங்க."

பக்கத்து அறையில் எம்.ஆர்.ஐ. எந்திரத்தின் காந்தம் விளக்கைப்போல அணைத்துவைக்கக் கூடியதல்ல. சத்தம் போடாதபோதும் இழுத்துக்கொண்டேதான் இருக்கும்.

அழகர்சாமி கைக்காந்தத்தை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "நம்ம பேக்டரியாட்டவே இருக்குது! ரோலர் தேஞ்ச இரும்பு டீத்தூள்ல கலந்துருமில்லீங்க, அதைப் புடிக்க நாங்களும் காந்தம் வச்சிருக்கோம்."

"அங்க உங்களுக்கு என்ன வேலைங்க?"

"இலை நறுக்கற ரோலருக்குப் பல்லு தீட்டறதுங்க. இருவது வருசம்."

"இந்தக் குல்லாவைப் போட்டுட்டா?"

"பின்ன? மொட்டைத்தலையோடவா?"

"கண்ணாடி?"

"பனி புடிச்சுக்கும். கழட்டி வச்சுருவேன்."

"கண்ணுல தெறிச்சிருக்குங்களா?"

"எத்தனையோ வாட்டி. கூட வேலை செய்யற மனுவேல் துணி நுனியை நனைச்சு எடுத்துருவான். அப்பறம் உறுத்தாது."

துணி நுனி மேலே ஒட்டியதைத்தான் எடுக்கும். வேகமாகத் தெறித்த பொடித்துண்டு விழிக்குள் புகுந்துவிட்டால், புகுந்த வழி ஆறி உறுத்தல் நின்றுபோகும். சதையில் தைத்த இரும்பைத் தழும்பு இறுக்கிப் பிடிக்கும்; கண்ணுக்குள் அந்தப் பிடிமானம் கிடையாது. பெரிய காந்தம் இழுத்தால் துண்டு திரும்பி உள்ளே கிழித்துவிடும்.

கண்ணுக்கு இரண்டு எக்ஸ்ரே எடுத்தாள்: ஒன்று மேலே பார்க்கச் சொல்லி, மற்றொன்று கீழே பார்க்கச் சொல்லி. இடது கண்ணில் வெள்ளைப் புள்ளி ஒன்று. பார்வையோடு சேர்ந்து அதுவும் இடம் மாறியிருந்தது; விழிக்குள்ளேதான் இருக்கிறது.

அழகர்சாமி படத்தையே பார்த்தார். "உள்ள போயிருந்தா?"

"கண்ணு போயிருக்கலாமுங்கண்ணா."

"அப்ப கழுத்து? நாளைக்கு வேலை?"

இந்து மருத்துவரை அழைத்துப் பேசினாள். கழுத்துக்கு சி.டி. ஸ்கேன், அதில் காந்தம் இல்லை. முடிவு இன்றே கிடைக்கும். கண் மருத்துவரைப் பார்க்கும்வரை ரோலர் பக்கம் போகக்கூடாது. அழகர்சாமி முனகினார், ஆனால் சி.டி. அறைக்கு நடந்தார்.

பிறகு இந்து, ஸ்கேனுக்கு முன் எல்லோரிடமும் கேட்கும் கேள்விப் படிவத்தை எடுத்தாள். 'உடலில் இரும்பு உண்டா?' என்பதற்கு மேலே எழுதினாள்: 'இரும்பைத் தீட்டும், அறுக்கும், பற்றவைக்கும் வேலை எப்போதாவது செய்ததுண்டா? ஆம் என்றால், முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே.'