எழுபத்தெட்டில் நின்ற திரை

பாகூர் சாலையில் இருந்த அந்தச் சிறிய தனியார் மருத்துவமனையில் கம்ப்யூட்டர், கேமரா, வைஃபை எல்லாவற்றுக்கும் சேவியர்ராஜ் ஒருவன்தான். நோயாளிகளின் நாடித்துடிப்பு, கட்டிலோரக் கருவியிலிருந்து வைஃபை வழியாக நர்சுகளின் மேசைத் திரைக்கு வரும். பக்கத்துக் கட்டில்காரர்கள் தூங்க முடியவில்லை என்று சொன்னதால் கருவியின் அலாரச் சத்தத்தை அடைத்து வைத்திருந்தார்கள். எல்லாம் அந்தத் திரையை நம்பித்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஏழாம் எண் கட்டிலில் இருந்த மணவாளன் இறந்துபோனார். கரிக்கலாம்பாக்கத்து விவசாயி. நெஞ்சுவலி என்று வந்து, மறுநாள் வீடு திரும்ப வேண்டியவர். மேசையில் இருந்த நர்ஸ் ரோஸ்லின், திரையில் கடைசிவரை எழுபத்தெட்டு என்றுதான் இருந்தது என்று அழுதாள். யாரும் நம்பவில்லை. போனைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள் என்றார்கள். மணவாளனின் மகள் அம்சவள்ளி போலீசில் அவள் பெயரைத்தான் எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை சேவியர்ராஜ் அந்த மேசைக் கம்ப்யூட்டரின் பதிவுகளைத் திறந்தான். முந்தைய நாள் மதியம் இரண்டு பத்துக்கு, வைஃபை கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் ஒரு வரி எழுதியிருந்தது: கார்டு பதில் தரவில்லை. அதே வரி திரும்பத் திரும்ப. இரண்டு இருபத்தொன்றுக்குத்தான் கார்டு மீண்டிருந்தது. இடையில் பதினொரு நிமிடம் எந்த எண்ணும் வந்துசேரவில்லை. கடைசியாக வந்த எண் அப்படியே திரையில் நின்றிருக்கிறது.

அந்த வரி அவனுக்குப் புதிதல்ல. மூன்று வாரம் முன்பே பார்த்திருந்தான். இணையத்தில் தேடியபோது, ஒன்றுமில்லை, விட்டுவிடலாம் என்று யாரோ எழுதியிருந்தார்கள். விட்டுவிட்டான்.

இப்போது உட்கார்ந்து தேடினான். மின்சாரத்தை மிச்சப்படுத்த டிரைவர் அவ்வப்போது கார்டைத் தூங்கவைக்கிறது. சில சமயம் அது உடனே எழுவதில்லை. அந்த வசதியை நிறுத்த ஒரே ஒரு கட்டளை போதுமாக இருந்தது. நிறுத்திவிட்டு மாலைவரை பார்த்தான். அந்த வரி மறுபடி வரவே இல்லை.

நிர்வாகி சாமிநாதனிடம் சொன்னபோது அவர் எழுந்து அறைக்கதவைச் சாத்தினார்.

"அந்த கம்ப்யூட்டர ஃபார்மேட் பண்ணிடுப்பா. நீயும் புள்ளகுட்டிக்காரன். ஒம் பேருந்தான் வெளிய வரும்."

சரி என்று தலையாட்டினான். ஆனால் எதையும் அழிக்கவில்லை. பதிவுகளைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு நேராகக் கரிக்கலாம்பாக்கத்துக்கு வண்டியை விட்டான். சாவு வீட்டுப் பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை. நின்றபடியே அம்சவள்ளியிடம் எல்லாவற்றையும் சொன்னான், அந்த மூன்று வாரத்தையும் சேர்த்து.

"அப்ப அந்தப் பொண்ணு சொன்னது நெசமா?"

"நெசம்தாங்க்கா."

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அது இன்னான்னு அப்ப தெரியலக்கா. பாத்துட்டு வுட்டுட்டேன்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கூட ஸ்டேஷனுக்கு வா. இத அப்படியே அங்க சொல்லு. அதுக்கப்புறம் எம் மொகத்துல முழிக்காத."

போனான், சொன்னான், கையெழுத்தும் போட்டான். ரோஸ்லின் பெயரை எடுத்துவிட்டு அவன் பெயரையும் சாமிநாதன் பெயரையும் சேர்த்தார்கள். அவனுக்கு வேலை போனது. மருத்துவமனை மறுபடி கூப்பிட்டும் ரோஸ்லின் போகவில்லை. தவளக்குப்பத்தில் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறாள் என்று கேள்விப்பட்டு, இரண்டு மாதம் கழித்து அங்கே போனான். மன்னிப்புக் கேட்டான்.

அவள் ஒருவருக்கு மாத்திரைகளைக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"நாலு எட்டு தூரந்தாண்ணா அந்தக் கட்டிலு. நானும் எழுந்து போயி கைய தொட்டுப் பாத்திருக்கலாம்."

அடுத்தவர் நீட்டிய மருந்துச்சீட்டை வாங்கி அவள் படிக்கத் தொடங்கினாள்.