படுத்துக் கிடக்கிற வகுப்பு

வீட்டுச் சாமான் ஏற்றி இறக்குவது என் வேலை. போன மாதம் பீரோவோடு படியேறும்போது கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் பரிசோதித்துவிட்டு, ஒரு மாதம் யோகா செய்யச் சொன்னார். மேலாளர் கறாராகப் பேசினார்: "இன்னொரு தடவ தலை சுத்துச்சுன்னா லாரி கிடையாது. கிடங்குல உக்காந்து ஸ்டிக்கர் ஒட்டு." பதினாறு வருடமாக லாரியில் போகிறவன் நான். மறுநாளே யோகாவில் சேர்ந்துவிட்டேன்.

யோகா கூடத்தில் மூன்று வகுப்புகள். மூச்சுவிட நேரமில்லாமல் எழுந்து குனிந்து தாவும் வேக வகுப்பு. ஹீட்டர் போட்ட அறையில் வெந்துகொண்டே செய்யும் சூட்டு வகுப்பு. ஒரே நிலையில் ஐந்து நிமிடம் கிடக்கும் மெது வகுப்பு. கடைசி வகுப்புக்கு என் மனைவி போகிறாள். "தூங்குறதுக்கு எதுக்குடி வகுப்பு?" என்று கேலி செய்திருக்கிறேன்.

வேக வகுப்பில் வெளுத்து வாங்கினேன். சூட்டு வகுப்பில் சட்டையைப் பிழியலாம், அவ்வளவுதான். மூன்றாவது வாரம் இரண்டுக்கும் விடுமுறை விட்டார்கள். மனைவி என்னைத் தன் வகுப்புக்கு இழுத்துப் போனாள்.

ஒரு முட்டியை மடக்கி, இடுப்பை இறக்கி, அப்படியே இருக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் தொடை நடுங்கியது. இரண்டாவது நிமிடம் அதே இருட்டு வந்தது. பக்கத்துப் பாயில் மனைவி ஹாயாகக் கிடந்தாள்.

டீச்சர் குனிந்து பார்த்தார். "மூச்சே விடலையே நீங்க?"

உண்மைதான். தூக்குவதற்கு முன் மூச்சை அடக்குவோம், இறக்கிய பிறகுதான் விடுவோம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மச்சான், அதாவது என்கூட லாரியில் வரும் மனைவியின் அண்ணன், சொல்லிக்கொடுத்த பழக்கம். வேக வகுப்பில் எந்த நிலையும் நொடியில் முடிந்துவிடுவதால் என் குட்டு உடையவில்லை.

மீதி நாளெல்லாம் அங்கேதான் கிடந்தேன். அதைவிடக் கஷ்டமான வேலை நான் பார்த்ததில்லை.

மாதம் முடிந்ததும் மேலாளர் ஒரு பீரோவைக் காட்டினார். மூன்றாவது மாடி. மேல்முனை மச்சானிடம், கீழ்முனை என்னிடம். கடைசித் திருப்பத்தில் பீரோ சிக்கிக்கொண்டது. கனம் முழுக்க என் நெஞ்சில். பயமாக இருந்தது.

"மூச்ச அடக்கு மாப்ளே!" என்று கத்தினார் மச்சான்.

நான் மூச்சை விட்டேன். இழுத்தேன். மறுபடி விட்டேன். பீரோ மெல்லத் திரும்பியது.

மேலே இறக்கிவைத்ததும், பின்னாலேயே ஏறி வந்த மேலாளர் என் முகத்தை உற்றுப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு மச்சானைப் பார்த்தார். அவர் கண்ணை மூடிச் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இவருக்கு என்னாச்சு?"

"கால் இடறிடுச்சு சார்," என்றேன் அவசரமாக.

மேலாளர் இறங்கிப் போனதும் மச்சான் காதருகே சொன்னேன்: "நாளைக்குச் சாயங்காலம் எங்ககூட வாங்க."

"எங்க?"

"பாயில படுக்க."