வழியனுப்பியாச்சு

கிர்கிஸ் எல்லைக்குப் பக்கத்திலுள்ள இந்தத் தராஸ் நகரத்தில் ஒருவனை வழியனுப்பிவிட்டால் அவன் போய்த்தான் ஆக வேண்டும். எனக்கு இது தெரியாது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பதினோரு வருஷம் இந்த ஊர் ரொட்டியைத் தின்றவன் நான். ஆனால் ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அதிலும் நான் துருக்கிக்காரன்.

பிஸ்கட் தொழிற்சாலையில் அடுப்பு இயந்திரங்கள் என் பொறுப்பு. மேலாளர் ஜக்சிலிக் தன் மருமகனைக் கொண்டுவந்து எனக்கு மேலே உட்கார வைத்தார். ஸ்பானரைக் கண்காட்சியில் பார்ப்பதுபோலப் பார்க்கிற ஆசாமி. அன்று மதியமே ராஜினாமாக் கடிதத்தை மேஜையில் வீசிவிட்டு வந்தேன்.

வீட்டில் மனைவி நுர்ஹான் கடிதத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "தாளு?" என்று மட்டும் கேட்டாள்.

அங்கேதான் சிக்கல். என் வேலை அனுமதித் தாள் அந்தத் தொழிற்சாலையின் பெயரில் இருந்தது. வேலை போன பதினைந்தாம் நாள் தாளும் செத்துவிடும். அதற்குள் வேறொரு முதலாளி என்னைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளாவிட்டால் மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டும். மகள் ஆய்லினுக்கு ஐந்து வாரத்தில் பள்ளி இறுதித் தேர்வு. எழுதாமல் போனால் பதினோரு வருஷம் படித்ததற்குச் சான்றிதழ் கிடையாது.

"பயப்படாதே. துலெகென் இருக்காரு," என்றேன். துலெகென் மிட்டாய்த் தொழிற்சாலை முதலாளி, ஜக்சிலிக்குக்கு ஒன்றுவிட்ட அண்ணன். 'அங்க சலிச்சுப்போனா நேரா என்கிட்ட வா' என்று என்னிடம் எத்தனையோ முறை சொன்னவர்.

இதற்கிடையில் சக தொழிலாளிகள் ஊர் முதலாளிகளையும் கூப்பிட்டு எனக்கு விருந்து வைத்தார்கள். நான் தொழிற்சாலையை விட்டுப் போவதற்கான விருந்து என்று நினைத்துப் போய் உட்கார்ந்தேன். அவர்களோ நாட்டை விட்டே போகிறேன் என்று நினைத்து ஆடு அறுத்திருந்தார்கள். வெளிநாட்டுக்காரன் வேலையை விட்டால் வேறு எங்கே போவான்? முக்கிய விருந்தாளிக்கு வைக்கிற ஆட்டுத் தலையை என் முன்னால் வைத்தார்கள். ஜரிகை மேலங்கியைத் தோளில் போர்த்தினார்கள். கிரேன் ஓட்டுகிறவன் தேம்பித் தேம்பி அழுதான். இவ்வளவு அழுகைக்கு நடுவே, 'அடுத்த தெருவிலதான் வேலை தேடப்போறேன்' என்று எந்த வாயால் சொல்வது? கடைசியில் அங்கிருந்தவர்களில் வயதில் மூத்தவர் எழுந்து, இரண்டு கைகளையும் விரித்து, என் பயணம் நல்லபடி அமைய ஆசி சொன்னார். எல்லோரும் ஆமீன் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார்கள். அந்த மூத்தவர் துலெகென்.

நானும் முகத்தைத் தடவிக்கொண்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மூன்றாம் நாள் அவர் அலுவலகத்துக்குப் போனேன். ஆவியைக் கண்டவர்போல எழுந்தார்.

"மேஸ்திரி! இன்னும் போகலையா? விமானம் ரத்தா?"

"அண்ணே, நான் போகவே இல்ல. வேலை கேட்டு வந்திருக்கேன்."

துலெகென் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "என்னப்பா இது? நாப்பது பேரு முன்னாடி உன் வழிக்கு ஆசி சொன்னேன். இப்ப உன்னை இங்கயே கட்டிப் போட்டா, கிழவன் வாக்கு பலிக்கலைன்னு ஊர் சிரிக்காதா? தம்பி ஆளைத் தூக்கறதுக்கு ஆசி சொல்ற மாதிரி நடிச்சான்னு ஜக்சிலிக் வேற பேசுவான்."

"அப்போ என் பொண்ணு பரீட்சை?"

"அல்லா பார்த்துப்பான்," என்று சொல்லி ஒரு பெட்டி மிட்டாய் கொடுத்தார். "வழியில சாப்பிடு."

மற்ற இடங்களிலும் இதே கதைதான். மாவு ஆலைக்காரர் விருந்தில் ஆட்டின் காதைத் தின்றவர். குளிர்கிடங்குக்காரர் மேலங்கிக்குக் காசு போட்டவர். இருவருமே என்னைப் பார்த்ததும், கொடுத்ததைத் திருப்பிக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள்போல நெளிந்தார்கள். சந்தையில் தயிர் விற்கிறவள் மட்டும் ஒளிக்கவில்லை. "இன்னுமா போகல? எங்க வீட்டுல அழுகைகூட முடிஞ்சுபோச்சே!"

வேலையை விட்ட பன்னிரண்டாம் நாள் நுர்ஹானுக்குப் பொறுமை போனது. "ஏங்க, அவரு உங்க வழிக்குத்தானே ஆசி சொன்னாரு? அது எந்த ஊரு வழின்னு சொன்னாரா?"

"இல்ல."

"அப்ப போயிட்டு வந்துருவோம். ஆசியும் பலிச்ச மாதிரி ஆச்சு. திரும்பி வந்தவனுக்கு வேலை குடுக்கக் கூடாதுன்னு எவனும் சொல்லலையே!"

பதினோரு வருஷம் இவள் பேச்சைக் கேட்டிருந்தால் நான் ராஜினாமாவே செய்திருக்க மாட்டேன். மறுநாள் காலை வாடகைக் காரில் மூன்று பேரும் எல்லையைத் தாண்டிக் கிர்கிஸ் நாட்டுத் தலாஸுக்குப் போனோம். அங்கே ஆளுக்கு ஒரு தட்டு நூடுல்ஸ் சாப்பிட்டோம். சாயங்காலம் எல்லையில் புது முத்திரை குத்திக்கொண்டு திரும்பினோம்.

துலெகெனுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. வாசலிலேயே கட்டிப்பிடித்தார். "பார்த்தியா! நல்லபடியாப் போனான், நல்லபடியா வந்தான்! என் வாக்கு வீண் போகுமா?" ஆடு அறுத்தார். ஜக்சிலிக்கைக்கூடக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நாளைக்கே வேலையில் சேரச் சொன்னார்.

மறுநாள் ஆளெடுப்புப் பிரிவில் குல்ஜமால் என் கடவுச்சீட்டைப் புரட்டினாள். புது முத்திரை வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"யாரு மாமா உங்களை வெளிய போகச் சொன்னது? நேத்துக் காலையில வந்திருந்தா பழைய தாளை எங்க பேருக்கு மாத்தியிருப்பேன். நீங்க எல்லையைத் தாண்டினதும் அது செத்துப்போச்சு. இது விருந்தாளி முத்திரை. விருந்தாளிக்கு வேலை குடுத்தா அபராதம். புதுசா வேணும்னா உங்க ஊருக்குப் போய் விண்ணப்பம் போடணும். நாலஞ்சு மாசம் ஆகும்."

"விருந்தாளி எத்தனை நாள் இருக்கலாம்?"

"முப்பது நாள்."

தேர்வு அதற்குள் முடிந்துவிடும். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது. ஆனால் மகளுக்கு வேண்டிய வெண்ணெய் மட்டும் எப்படியோ கையில் தங்கிவிட்டது.

துலெகென் மனம் தளரவில்லை. "விருந்தாளின்னா விருந்தாளி!" என்று தினமும் கார் அனுப்புகிறார். என்னை அலுவலகத்தில் கதவுக்கு எதிரே, மரியாதைக்குரிய இடத்தில் உட்கார வைத்துத் தேநீர் ஊற்றுகிறார். சுவருக்கு அந்தப் பக்கம் மிட்டாய் இயந்திரம் தட்டுகிறது. சத்தத்திலேயே தெரிகிறது, இடது பக்கப் பேரிங் தேய்ந்துவிட்டது. நான் கை வைத்தால் பத்து நிமிஷ வேலை. எழுந்தால் தோளை அமுக்குகிறார்.

"உக்காரு மேஸ்திரி. விருந்தாளி கையில அழுக்குப் படலாமா?"

இந்த ஊரில் என்னைத் திட்டியிருக்கிறார்கள், கிண்டல் செய்திருக்கிறார்கள், மூட்டை தூக்கச் சொல்லியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் எனக்கு வலித்ததில்லை. இப்போது வலிக்கிறது.

நேற்று ஆய்லின் தேர்வு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்துகொண்டிருந்தாள்.

"அப்பா, தகப்பன் தொழில்னு கேட்டிருக்கான். என்ன போடட்டும்?"

"விருந்தாளின்னு போடு."

அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் என் கைகளைப் பார்த்தாள். பிறகு 'இயந்திரம் பழுதுபார்ப்பவர்' என்று அழுத்தி எழுதி, நான் ஏதும் சொல்வதற்குள் தாளை மடித்துவிட்டாள்.