நான் இறங்கினால் நீங்களும் இறங்குங்கள்

பைக் டூர் கடை நடத்தும் ஸனூஸ் நானாவின் வலது கையில் பிளாஸ்டர் போட்டிருந்ததால்தான் வழிகாட்டி முன்னால் போகிற வேலை எனக்கு வந்தது. திறமையைப் பார்த்துக் கொடுத்தார் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் பசறைப் பக்கத்து ஓடையொன்றில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டது பதுளை டவுனுக்கே தெரியும். கொழும்பிலிருந்து ஆறு பேர் மலைப்பாதையில் பைக் ஓடச் சனிக்கிழமைக்கென்று சொல்லி வைத்திருந்தார்கள். பின்னால் கடைசியாக வரும் ஹுமைத்துக்கு எஞ்சினைப் பிரித்துப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு பூட்டத் தெரியும், தோட்டத்துப் பாதை தெரியாது. மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்குப் பாதை தெரியும். மூன்று வருஷமாக அந்தக் கடையில் போன் எடுத்து, பைக் கழுவி, கழுவின பைக்கை முற்றத்தில் நகர்த்தி வைக்கிற சாக்கில் ஓட்டிப் பழகி, பிறகு ஹுமைத்தோடு சேற்றிலும் கல்லிலும் விழுந்து எழும்பி, பைக்கும் தெரியும்.

அப்படியும் ஸனூஸ் நானாவுக்கு மனசு வரவில்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் வேறு ஓதிவிட்டிருந்தார்கள். பொம்பளைப் பிள்ளை, அதுவும் தோட்டத்துப் பிள்ளை, கொழும்பு ஆட்கள் பேச்சுக் கேட்பார்களா என்று. காலையில் முற்றத்தில் வைத்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்டைக்கு ஒழுங்காக் கூட்டிப் போய்க் கூட்டி வா. வந்தீன்டா இனி முன்னுக்குப் போறது நீதான். ஒத்தராவது இவ சரியில்லன்டு சொன்னா, திரும்பப் போய் டெலிபோன்ட கிட்ட உக்காந்துக்க. அழப்படாது."

"நீங்க அழாம இருந்தாச் சரி நானா" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

ஆறு பேரில் ஐந்து பேர் ஆண்கள். ஒருத்தி ஹம்ஸியா, தெஹிவளையில் பல் டொக்டர், வந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டிருந்தாள். நிமலன் என்பவர்தான் கூட்டத்துக்குத் தலை. சொந்தமாக டிரெயில் பைக் வைத்திருக்கிறார், நக்கிள்ஸ் மலையெல்லாம் ஓடியிருக்கிறார், அதைச் சொல்லாமல் ஒரு வாக்கியத்தையும் முடிக்கமாட்டார். நான் கையுறை போட்டுக்கொண்டு முன் பைக்கின் பக்கத்தில் போய் நின்றதும் என் தலைக்கு மேலாக யாரையோ தேடினார்.

"நீங்களா முன்னுக்கு?"

"ஆமாங்க."

"இதுக்கு முதல் எத்தினை தரம் போயிருக்கிறீங்க?"

"முன்னால போறது இன்னைக்குத்தாங்க மொத தடவ."

ஹம்ஸியா சத்தமாகச் சிரித்தாள். நிமலனுக்குச் சிரிப்பு வரவில்லை. பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் பொய் சொல்லி ஆரம்பித்தால் நாள் முழுக்க அதையும் சேர்த்து மலையேற்ற வேண்டும். ஸனூஸ் நானா சொல்லித் தந்ததை நான் எல்லோருக்கும் சொன்னேன். "வழியெல்லாம் கல்லு, சேறு, பள்ளம். கேள்வி கேட்டுட்டு இருக்க நேரம் இருக்காது. அதனால நான் என்ன செய்றேனோ அதையே செய்ங்க. நான் நின்னா நில்லுங்க. நான் எறங்கினா நீங்களும் எறங்குங்க. ஏன்னு அப்புறம் கேளுங்க."

பசறை தாண்டும்வரை நிமலன் இரண்டு தரம் என்னை முந்தப் பார்த்தார். இரண்டாவது தரம் முந்தியே விட்டார், முந்தி நேராகச் சேற்றுக் குழிக்குள் முன் சில்லை இறக்கினார். குழிக்கு இடப்பக்கம், புல் முளைத்திருந்த விளிம்பில் ஏறிப் போய் அந்தப் பக்கம் நின்று காத்திருந்தேன். மற்ற ஐந்து பேரும் என் தடத்திலேயே வந்தார்கள். ஹுமைத் வந்து அவருடைய பைக்கை வெளியே இழுத்துக் கொடுத்தான். அதற்குப் பிறகு அவர் எனக்குப் பின்னாலேயே வந்தார். மடுல்சீமை ஏற்றத்தில் காற்று குளிர்ந்து, பைனஸ் காடு முடிந்து மானாப்புல் ஆரம்பித்தபோது கண்ணாடியில் பார்த்தேன். ஏழு விளக்குகளும் ஒரே கோட்டில் வந்துகொண்டிருந்தன. வளைவில் நான் சாய்ந்தால் அவர்களும் சாய்ந்தார்கள். சந்தோஷம் என்றால் அப்படியொரு சந்தோஷம். ஹெல்மட்டுக்குள் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் ஏதோ பாட்டுக்கூடப் பாடினேன்.

மலை விளிம்புக்கு, அதாவது கீழே சமவெளி முழுக்கத் தெரியும் இடத்துக்கு, வழக்கமாகப் போகிற பாதையில் மண் சரிந்து கிடந்தது. கடந்த மழையில் விழுந்தது, ஒருவரும் அள்ளவில்லை. பைக்கைத் தூக்கிக்கொண்டு கடக்க முடியாது. எனக்கு வேறு வழி தெரியும். எங்கள் தோட்டத்துக்குள் புகுந்து, தோட்டத்து மேனேஜரான துரையின் பங்களா ரோட்டால் ஏறினால் மேலே அதே பாதையில் போய்ச் சேரலாம். தோட்டத்து ரோட்டுகள் எல்லாவற்றிலும் ஓட்ட ஸனூஸ் நானா ஏற்கெனவே அனுமதி வாங்கி வைத்திருந்தார். நான் யோசிக்கவே இல்லை. கையைத் தூக்கி இடப்பக்கம் காட்டிவிட்டுத் திரும்பினேன்.

அந்த ரோட்டில் நான் வண்டி ஓட்டுவது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வரும்போதெல்லாம் பஸ்ஸில் வந்து இறங்கி, குறுக்குப் பாதையால் லயத்துக்கு நடந்துவிடுவேன். சின்ன வயதில் அப்பாவுடைய பழைய மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்ததுதான். தேயிலைக்கு நடுவே இரண்டு வளைவு, பிறகு சைப்பிரஸ் வேலி. ஆளுயரத்துக்கு வெட்டி விட்டிருக்கிற வேலி, உள்ளே பங்களா. வேலி தொடங்குகிற இடத்தில் என் வலது கை அக்சிலரேட்டர் முறுக்கை விட்டது. கட்டைவிரல் எஞ்சினை அணைத்தது. கால் தரையில் ஊன்றியது. நான் இறங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பைக்கைத் தள்ள ஆரம்பித்தேன்.

எனக்குப் பின்னால் எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.

நல்ல ஏற்றம் அது. டிரெயில் பைக்கைத் தள்ளிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், ஓட்டும்போது இறகு மாதிரி இருக்கிற சாமான் தள்ளும்போது எருமையாகிவிடும். பூட்ஸ் கல்லில் சறுக்குகிறது, பின்னால் ஏழு பேர் மூச்சு வாங்குகிறார்கள், யாரோ இருமுகிறார்கள். பங்களா வாசலுக்கு வந்தபோதுதான் அந்த மூச்சுச் சத்தம் என் காதில் விழுந்தது. அப்போதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பதே எனக்குப் புரிந்தது. நிற்கவும் முடியவில்லை, ஏறி உட்காரவும் முடியவில்லை. வேலி முடிகிற மட்டும் தள்ளினேன்.

வாசலில் வாட்ச்சர் கணபதி மாமா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அப்பாவோடு ஒரே லயத்தில் இருந்தவர். ஹெல்மட்டுக்குள்ளும் என்னை அடையாளம் கண்டுகொண்டார். முகமெல்லாம் பல்.

"அப்பன் மாதிரியே மரியாத தெரிஞ்ச புள்ள. தொர கூட இல்லம்மா, கண்டிக்குப் போயிருக்காரு. இருந்தாலும் எறங்கி வர்ற பாரு."

துரை இல்லை. வராந்தாவில் ஒரு பிரம்பு நாற்காலி இருந்தது. அதற்கு முன்னால்தான் எட்டுப் பேர் பைக் தள்ளிக்கொண்டு போனோம்.

அப்பா அந்த வேலி தொடங்குகிற இடத்தில் எஞ்சினை அணைத்துவிடுவார். நானும் இறங்கிப் பக்கத்தில் நடப்பேன். வேலி முடிந்ததும் உதைத்து ஸ்டார்ட் பண்ணுவார், அந்தப் பழைய வண்டி நாலு உதைக்குப் பிறகுதான் உயிர் பெறும். மழை பெய்தாலும் அப்படித்தான், எனக்குக் காய்ச்சலடித்து டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோன அன்றைக்கும் அப்படித்தான். இறங்கச் சொல்லி எந்தத் துரையும் அவரிடம் சொன்னதில்லை. அவருடைய அப்பா சைக்கிளில் போனபோது ஏதோ ஒரு துரை இறக்கிவிட்டு ஏசினாராம், அவ்வளவுதான் கதை. அதற்குப் பிறகு எத்தனையோ துரைமார் மாறிவிட்டார்கள். இப்போது இருக்கிற துரை என் வயதுக்காரர், யார் எதில் போகிறார்கள் என்று அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆனாலும் இறங்குகிறோம். இறங்கு என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்து என் கை கற்றுக்கொண்டிருக்கிறது.

வேலி தாண்டியதும் ஸ்டாண்டைப் போட்டுவிட்டு நின்றேன். நிமலன் ஹெல்மட்டைக் கழற்றினார், வியர்வை சொட்டியது.

"ஏன் தள்ளினோம்? போர்ட் ஒண்டும் இல்லையே. பைக்ல பிழையா? இல்லாட்டி ஏத்தம் ஏற ஏலாம இறங்கினீங்களா? ஏலாட்டிச் சொல்லுங்க, இதில வெக்கம் இல்ல. நான் முன்னுக்குப் போறன்."

மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். ஹுமைத் பின்னாலிருந்து ஓடி வந்து என் பைக்கைச் சோதிக்கிற மாதிரி குனிந்தான்.

"சத்தம் போடப்படாத எடம்ன்டு சொல்லிரு" என்றான் மெதுவாக. "உள்ளுக்குப் படுக்கையில கெடக்கிற வருத்தக்காரர் ஒத்தர் ஈக்கிறார்ன்டு சொல்லு. முடிஞ்சி."

நல்ல பொய். சொன்னால் எல்லோரும் நம்புவார்கள், மரியாதையாகத் தலையாட்டுவார்கள், பொறுப்பான பிள்ளை என்று ஸனூஸ் நானாவிடம் சொல்லிவிட்டும் போவார்கள். உண்மையைச் சொன்னால் நாளையிலிருந்து டெலிபோன் பக்கம்தான். வாயைத் திறந்தபோதுகூடப் பொய் சொல்வதாகத்தான் இருந்தேன்.

"பைக்ல ஒண்ணும் இல்லைங்க. ஏத்தமும் ஒரு ஏத்தம் இல்ல" என்றேன். "இது தொர பங்களா. எங்கப்பா இந்த வேலி வந்தா எறங்கித் தள்ளுவாரு. நானும் பழக்கத்துல எறங்கிட்டேன். நீங்க எறங்கவே வேண்டியதில்ல. நானும் எறங்க வேண்டியதில்ல."

ஹம்ஸியாதான் முதலில் கேட்டாள்.

"அப்ப நாங்க இவ்வளவு நேரமும் ஆருக்கு மரியாத குடுத்த?"

"நாக்காலிக்கு" என்றேன். அவள் சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

நிமலன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கெட்ட மனுஷன் இல்லை, குரல் தணிந்துதான் வந்தது. "சரி, பழக்கம், விளங்குது. நீங்க கொஞ்சம் பதறிப்போய் இருக்கிறீங்க. வியூவுக்கு லேட்டாகுது. மிச்ச தூரம் நான் முன்னுக்குப் போறன், நீங்க ஆறுதலா வாங்க."

ஆறுதலாக, அதாவது மெதுவாகப் பின்னால் வருவதாம். அந்த ஒரு சொல்லில், இனி என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெளிந்துவிட்டது.

"தாராளமாப் போங்க. மேல பாத ரெண்டாப் பிரியும். ஒண்ணு வியூவுக்குப் போவும், இன்னொண்ணு பள்ளத்துக்குப் போவும். எது எதுன்னு எனக்குத்தான் தெரியும்." ஹெல்மட்டை மாட்டிக்கொண்டேன். "நான் இப்பத் திரும்பிக் கீழ போறேன். போயி, ஓட்டிக்கிட்டே மேல வரப்போறேன். தள்ளின தூரத்த ஓட்டாம நான் எங்கயும் போறதில்ல. வர்றவங்க வாங்க."

ஹுமைத் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஸனூஸ் நானா கொல்லப் போறார்."

"என்னத்தானே? ஒன்ன இல்லையே."

பைக்கைத் திருப்பி ஸ்டார்ட் பண்ணினேன். ஒரே அமுக்கில் பிடித்தது. வேலியோரமாக இறங்கினேன், கணபதி மாமா ஸ்டூலை விட்டு எழும்புவதற்குள் வாசலைத் தாண்டிவிட்டேன். கீழே வளைவில் திரும்பி நின்று பார்த்தபோது ஹம்ஸியா வந்துகொண்டிருந்தாள், அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர். ஹுமைத் பின்னால். கடைசியில், ஹுமைத்துக்கும் பின்னால், நிமலன். வந்து வரிசையில் நின்றார். ரோட்டுக்கு மேலே மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். யாரோ ஒரு அக்கா, "அது யாரு மகடி?" என்று பக்கத்தில் கேட்பது கேட்டது.

இரண்டாவது கியர். சைப்பிரஸ் வேலி தொடங்குகிற இடம் வந்தது. என் கட்டைவிரல் துடித்தது, உண்மையாகவே துடித்தது. முறுக்கினேன்.

கணபதி மாமா இந்த முறை ரோட்டுக்கு நடுவில் வந்து நின்றுவிட்டார். நில்லு என்று வலது கையை முழுசாக நீட்டியிருந்தார். "எறங்கு புள்ள! எறங்கும்மா! தொர காதுல விழுந்தா..." மிச்சம் எஞ்சின் சத்தத்தில் போய்விட்டது. பிரேக்கில் கால் வைத்துக்கொண்டேதான் போனேன், மாமாவை இடிக்க எனக்கென்ன பைத்தியமா. ஆனால் நிறுத்தவில்லை. ஹோர்னை அடித்துக்கொண்டு அவரைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். அவர் கண்ணில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது, எனக்காகவும் சேர்த்துப் பயந்தார். பக்கத்தில் வந்துவிட்டேன் என்று தெரிந்ததும் ரோட்டு வடிகான் ஓரமாக ஒதுங்கினார்.

ஒதுங்கின அதே நேரம் நீட்டிய கை மடங்கி நெற்றிக்குப் போனது. குதிகால் இரண்டும் சேர்ந்தன. துரையின் ஜீப்புக்கு ஒவ்வொரு நாளும் அடிக்கிற சலூட். எனக்கு அடித்தார்.

அதை என்னால் தாங்க முடியவில்லை. இறங்கித் தள்ளியபோதுகூட எனக்கு அழுகை வரவில்லை, அப்போது வந்தது.

"கைய எறக்குங்க மாமா!" என்று கத்தினேன். "நான் யசோதினி! மாமா, கைய எறக்குங்க!"

கேட்டதோ இல்லையோ தெரியாது. பின்னால் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக முறுக்கிக்கொண்டு வந்தார்கள், மலையே அதிர்ந்தது. வேலி முடிகிற இடத்தில் கண்ணாடியைப் பார்த்தேன். புகைக்கும் தூசிக்கும் நடுவில் கணபதி மாமா அப்படியே நின்றார். நெற்றியிலிருந்து கொஞ்சம் இறங்கி வந்திருந்த கையை முகத்துக்கு முன்னால் பிடித்து, யாரோ தன்னிடம் கொடுத்துவிட்டுப் போன சாமானைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.