பலகையில் நான் எழுதிய இரண்டு வரி

1

இந்தக் கதை ஒரு எச்சரிக்கைப் பலகையிலிருந்து வந்தது. அந்தப் பலகைக்கு வாசகம் எழுதிக் கொடுத்தவன் நான்தான். முப்பது வருடமாக எழுதுகிறேன். என் புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்கியவர்களைவிட, அன்பளிப்பாக வாங்கிக்கொண்டு படிக்காமல் வைத்திருப்பவர்கள்தான் அதிகம். பலகையை மட்டும் வருகிறவர் போகிறவர் எல்லாரும் நின்று படிக்கிறார்கள். சிலர் வாய்விட்டே படிக்கிறார்கள்.

"கயிறு கட்டாமல் இந்தக் கலிங்கில் இறங்கிய எங்கள் பணியாளர் உயிரிழந்தார். விதிகளை மதியுங்கள்."

எழுத்துப்பிழை எதுவும் இல்லை. பொய் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று இப்போதே ஒத்துக்கொள்கிறேன், பிறகு எனக்குத் தைரியம் இருக்குமோ இருக்காதோ.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "ஏரி அமைதியாக இருந்தது. கரையோர மரங்கள் தங்கள் நிழலைத் தண்ணீரில்—"

அடித்துவிட்டேன். கதைகளில் யாராவது சாகப்போகிறார்கள் என்றால் ஏரி உடனே அமைதியாகிவிடுகிறது. இது அப்படிப்பட்ட ஏரி இல்லை. என் பள்ளித்தோழன் ஒருவன் தன் நிலத்தில் ஓடிய ஓடையை மறித்து, மண்கரை போட்டுத் தேக்கிய தண்ணீர். சுற்றிவர இருபது நிமிடம் ஆகும். ஒரு தகரக் கொட்டகை, நாலு படகு, வெயிலில் வெளுத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். சீட்டு வாங்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் தூண்டில் போடலாம். எல்லாரும் அவனை முதலாளி என்பார்கள். நான் மட்டும் 'டா' போடுவேன்.

தண்ணீர் அளவுக்கு மேல் ஏறினால் கரை உடையாமல் வழிந்து போக, ஒரு மூலையில் சிமெண்டில் ஒரு வழி கட்டியிருந்தது. அதுதான் கலிங்கு. தண்ணீரோடு மீனும் போய்விடக் கூடாதே என்று முதலாளி அதன் குறுக்கே இரும்புச் சட்டத்தில் கம்பிவலை வைத்திருந்தான். மழை பெய்தால் வலையைத் தூக்கிவிட வேண்டும். தூக்காவிட்டால் இலையும் சருகும் வந்து அடைத்துக்கொள்ளும்.

[பின்னால் ஒரு பொறியாளர் என்னிடம் சொன்னார்: "தண்ணி போறதுக்குன்னு வெச்ச வாசல்ல யாராவது வலை கட்டுவாங்களா சார்?" மீன் வளர்க்கிறவன் கட்டுவான். எங்களுக்கு அது தப்பாகவே தெரியவில்லை.]

3

இனி இறந்தவர். கதாபாத்திரமாக அவர்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. இவ்வளவு ஜாக்கிரதையான ஒருவரைக் கதையில் வைத்தால், வேண்டுமென்றே வைத்ததாகத் தெரியும். ஆனால் அவர் அப்படித்தான் இருந்தார். என்ன செய்ய?

ஏரியின் காவல், படகு, துப்புரவு எல்லாம் அவர் பொறுப்பு. மிதவைச் சட்டை போடாத யாரையும் படகில் ஏற்ற மாட்டார். "ஜாக்கெட் போடுங்க சார், ஜாக்கெட் போடுங்க" என்று கழுத்தறுப்பார்.

"ஜாக்கெட்டா? அதெல்லாம் என் பொண்டாட்டி போடுவாங்க!" என்று வாரத்துக்கு ஒருவராவது சொல்லுவார்.

"அவங்களுக்கும் ஒண்ணு இருக்கு. கூட்டிட்டு வாங்க" என்பார் சிரிக்காமல். அவருக்கு ஜாக்கெட் என்றே பெயர் நிலைத்துவிட்டது. முழங்கால் தண்ணீரில் இறங்குவதென்றாலும் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை யார் கையிலாவது கொடுத்துவிட்டுத்தான் இறங்குவார். நாங்கள் கிண்டல் செய்வோம்: "எருமை மாட்டை ஓட்டிட்டு வந்த மாதிரி இருக்குப்பா."

4

அன்றைய கயிற்றின் மறுமுனையை யாரிடம் கொடுப்பது?

முதல் வரைவில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவரிடம் கொடுத்தேன். வழுக்கைத் தலை, வெள்ளைத் தொப்பி, மீன் மாட்டினால் குழந்தைபோலக் கத்துகிற சுபாவம். ஆள் நன்றாகவே அமைந்தார். அவருக்குச் சர்க்கரை வியாதிகூடக் கொடுத்தேன், கை நடுங்கியது என்று எழுத வசதியாக இருக்கும் என்று. "அவர் கை நடுங்கியது. கயிறு—"

இல்லை. அப்படி ஒருவர் அங்கே இல்லை. வெள்ளைத் தொப்பி என்னுடையது. என் கை நடுங்கவும் இல்லை.

5

மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கே போட்டி நடக்கும். முதுகுத் துடுப்பில் சிவப்பு வில்லை குத்திய பெரிய மீன் ஒன்றை முதலாளி முந்தின நாளே ஏரியில் விடுவான். அதைப் பிடிப்பவருக்கு ஒரு வருடம் சீட்டு வேண்டாம். நான் ஆறு வருடமாக அதற்காக உட்கார்ந்தவன்.

அன்று விடியும்வரை மேற்கே நல்ல மழை. காலை பதினோரு மணிக்குத் தண்ணீர் கரையின் விளிம்புக்கு ஒரு முழம் கீழே நின்றது. கலிங்கில் சருகு சுவர்போல அடைத்திருந்தது. ஜாக்கெட் ஓடி வந்தார்.

"முதலாளி, வலையத் தூக்கிடலாம். கரை தாங்காது."

"போட்டி நடக்குதுல்ல? வலையத் தூக்கினா மீனெல்லாம் ஓடிடும். ஒரு மணி வரைக்கும் குப்பைய மட்டும் வாரி விடு" என்றான் முதலாளி. சொல்லிவிட்டுத் தராசைச் சரிபார்க்கக் கொட்டகைக்குப் போய்விட்டான். மற்றவர்கள் எல்லாம் வளைவுக்கு அந்தப் பக்கம். கலிங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான் மட்டும்தான்.

அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டினார். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். மறுமுனையை என்னிடம் கொடுத்தார்.

"சார், விறைப்பாவே வெச்சிருங்க. நான் சொன்னா இழுத்துடுங்க."

"போய்ட்டு வாப்பா, நான் எங்க போகப்போறேன்" என்றேன்.

இடுப்பளவு தண்ணீர். வாருகோலால் சருகை இழுத்து இழுத்துக் கரையில் போட்டார். ஐந்து நிமிடம் இருக்கும். என் தூண்டில் எட்டடி தள்ளித் தாங்கியில் இருந்தது. தக்கை மெல்ல அசைந்தது, பிறகு ஒரேயடியாக உள்ளே போனது. கம்பு வில்லாக வளைந்தது.

(இந்த இடத்தில் ஒரு பத்தி முழுக்க, ஆறு வருடக் காத்திருப்பு, மனித மனம் என்றெல்லாம் எழுதியிருந்தேன். நல்ல பத்தி. கிழித்துவிட்டேன்.)

நான் கயிற்றைத் தரையில் வைத்தேன். அதன்மேல் என் தூண்டில் பெட்டியை வைத்தேன். ஈயக் குண்டுகளும் நூல் உருளைகளும் நிறைந்த கனமான பெட்டி, ஒரு நிமிடம் தாங்கும் என்று நினைத்தேன். போய்க் கம்பைப் பிடித்தேன்.

அடைப்பின் பெரிய துண்டு ஒன்று அப்போதுதான் பெயர்ந்திருக்க வேண்டும். தண்ணீர் அந்த ஓட்டை வழியாகப் பாய, அவர் காலையும் இழுத்துச் சட்டத்துக்கும் சிமெண்டுக்கும் நடுவில் சொருகிவிட்டது. "சார்!" என்று ஒரு தடவை கேட்டது. திரும்பினேன். பெட்டி கவிழ்ந்து கிடந்தது, கயிறு தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது. அவர் தலை தெரியவில்லை.

நான் கத்தினேன், குதித்தேன், கயிறு கைக்குக் கிடைத்தது, இழுத்தேன். தனியாக இழுத்தேன். அவர் கால் விடுபட்டுக் கரைக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மூச்சு விடட்டும் என்று இடுப்பு முடிச்சை அவிழ்த்தேன். ஆட்கள் ஓடி வந்து அவரை அமுக்கினார்கள், உருட்டினார்கள், தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் கயிற்றைச் சுருட்டிக் கொட்டகையில் அதன் ஆணியில் மாட்டினேன். ஏன் மாட்டினேன்? தெரியும், எழுதக் கூசுகிறது.

விசாரணைக்கு வந்தவர்கள் ஆணியில் ஈரக் கயிற்றைப் பார்த்தார்கள். அன்று எல்லாமே ஈரம்தான். "அப்ப கயிறு கட்டாமலே இறங்கியிருக்காரு" என்றார் ஒருவர். முதலாளி தலையாட்டினான், அவனுக்கும் அது வசதி. நானும் தலையாட்டினேன். பத்து நாள் கழித்து, "நீதான் எழுத்தாளனாச்சே, ஒரு போர்டுக்கு ரெண்டு வரி எழுதிக் குடுடா" என்றான். எழுதிக் கொடுத்தேன்.

6

அவருடைய வேலையை அவர் மனைவிக்கே முதலாளி கொடுத்தான். பலகைக்கு நேர் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மிதவைச் சட்டைகளை அவர்தான் இப்போது எடுத்துக் கொடுக்கிறார். படிக்கிறவர்கள் யாரும் அவர் யாரென்று அறிய மாட்டார்கள். "அசட்டுத் துணிச்சல், வேறென்ன" என்று அவர் காதுபடச் சொல்லிவிட்டு, கையை நீட்டிச் சட்டையை வாங்கிக்கொள்கிறார்கள்.

ஒவ்வொரு ஞாயிறும் என்னைக் கேட்பார்.

"சார், நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க. அவரு கயிறு கட்டாம இறங்குவாரா?"

"நான் தூண்டில பாத்துட்டு இருந்தேம்மா."

இது பொய்யும் இல்லை. அதுதான் என்னைத் தின்கிறது.

"எங்க வீட்டுல மாடிப்படி ஏறும்போதே கம்பியப் பிடிங்கன்னு பிள்ளைங்கள விரட்டுற மனுஷன் சார். இப்ப அதுங்க கேக்குது, அப்பா மட்டும் ஏன் ஒழுங்கா இல்லன்னு. நான் என்னத்தச் சொல்ல?"

7

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன். ஒன்றில் இந்தக் கதை அச்சாகிறது, அந்த அம்மாவின் கண்ணிலேயே படவில்லை. இன்னொன்றில் நானே பெயிண்டும் தூரிகையுமாகப் போய்ப் பலகையைத் திருத்துகிறேன், எல்லாரும் என்னைப் பெரிய மனிதன் என்கிறார்கள். மூன்றாவதில் கரை உடைந்து பலகையே அடித்துக்கொண்டு போகிறது. மூன்றிலும் நான் தப்பிக்கிறேன் என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

அதனால் போன ஞாயிறு, ஆறாம் பகுதிவரை எழுதிய தாள்களை எடுத்துக்கொண்டு போனேன். கூட்டம் கலைந்த சாயங்காலம். அவர் காய்ந்த சட்டைகளுக்குக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி எடுத்துட்டு வரல சார். நீங்களே படிங்க."

படித்தேன். பெட்டியைக் கயிற்றின்மேல் வைக்கிற இடத்தில் தாளைத் தாழ்த்தினேன். "படிங்க" என்றார். படித்தேன். ஆணியில் மாட்டியதையும் படித்தேன். திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்தேன். அதை வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன்.

"கட்டித்தான் இறங்கியிருக்காரு" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. கடைசிச் சட்டையின் கொக்கியை மாட்டி வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த மீன் மாட்டுச்சா சார்?"

ஐந்தாம் பகுதியில் அதை நான் எழுதவில்லை. நீங்கள்கூடக் கேட்கவில்லை, அவர் கேட்டுவிட்டார். மாட்டியது என்றால் அவர் புருஷன் ஒரு மீனுக்காகப் போனார். மாட்டவில்லை என்றால் அதற்காகக்கூட இல்லை. இரண்டில் எதைச் சொன்னால் ஒரு பெண் அன்றிரவு வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் சோறு போட முடியும்?

முப்பது வருடம் எழுதியவன், இந்த ஒரு சொல் எனக்கு வரவில்லை. நீங்கள் எழுதுங்கள். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"சொல்லுங்க சார்."