செயலாளரின் மண்டைச் சூடு

சைக்கிள் கிளப் செயலாளருக்கு இரண்டு விஷயங்கள் உயிர். ஒன்று ஞாயிற்றுக்கிழமை ஓட்டம். இன்னொன்று தலையில் இருந்த டோப்பா. அது டோப்பா என்று தனக்கும் மனைவிக்கும் தவிர ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தார் மனுஷர்.

மேட்டுச்சாலை வந்தாலே சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார். "ஹெல்மெட்டுக்குள்ள மண்டை வேகுதுய்யா. கட்டாய ஹெல்மெட்டுங்கற விதியையே தூக்கணும். அடுத்த கூட்டத்துல தீர்மானம் கொண்டு வரேன்."

"ஆதாரம்?" என்றார் பொருளாளர். இந்த வயதிலும் கன்னங்கரேல் முடி வைத்திருக்கும் பாக்கியசாலி.

"கொண்டாந்து மூஞ்சியில வீசறேன் பாருங்க!"

ஆதாரத்துக்கு மச்சான் கிடைத்தான். மனைவியின் தம்பி, விளையாட்டு ஆய்வுக்கூடத்தில் வேலை. வெயிலைப் பிடித்து அடைத்துவைத்த மாதிரி ஓர் அறை, நகராத சைக்கிள், எதிரே பெரிய ஃபேன். உடம்புச் சூட்டை அளக்கும் மாத்திரையைச் செயலாளர் லபக்கென்று விழுங்கினார். உச்சந்தலையில் ஒட்டும் சென்சாரை மட்டும் பிடுங்கிக்கொண்டார்.

"நானே ஒட்டிக்கறேன். தலையில கை வெச்சா எனக்குக் கூச்சம்."

"சலூன்லயும் இப்படித்தானா மாமா?"

"சைக்கிளப் பாருடா!"

ஹெல்மெட்டோடு ஒருநாள் மிதித்தார். ஹெல்மெட் இல்லாமல் மறுநாள். மச்சான் திரையையே பார்த்தான்.

"உடம்புக்குள்ள சூடு ரெண்டு நாளும் ஒண்ணுதான் மாமா. ஹெல்மெட்டால ஒண்ணும் ஏறல. உச்சந்தலைதான் கொதிக்குது. ஆனா ஹெல்மெட்டக் கழட்டினாலும் அதே கொதி!"

"மெஷின் ரிப்பேரா இருக்கும்."

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. தலையிலதான் இன்னும் ஏதோ மிச்சமிருக்கு."

மூலையில் உட்கார்ந்திருந்த மனைவி கைப்பேசியிலிருந்து நிமிரவே இல்லை. "அதையும் கழட்டுங்க. அவனுக்குத் தெரியும்."

"எப்பலேர்ந்துடா?"

"உங்க கல்யாண ஃபோட்டோலேர்ந்து மாமா. காத்துல எல்லார் முடியும் பறக்குது. உங்களுது மட்டும் மொத்தமா எழுந்து நிக்குது."

மூன்றாம் நாள் வெறும் மண்டைமேல் ஹெல்மெட்டை மாட்டி மிதித்தார். துவாரம் வழியாக ஃபேன் காற்று உச்சியைத் தொட்டது. "மச்சான், காத்து வருதுடா!" என்று கத்தியவர் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். உச்சந்தலைக் கொதிப்பு அடங்கியிருந்தது. ஆதாரம் கையில். ஆனால் அதை யார் மூஞ்சியில் வீசுவது? வீசினால் திரும்பி வந்து தன் தலையில்தானே விழும்!

டோப்பாவை வீட்டில் வைத்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டியபடியே கூட்டத்துக்கு வந்தார் செயலாளர்.

"விதி இருக்கட்டும். இன்னும் கெட்டியாக்குவோம். சைக்கிளை விட்டு இறங்கினாலும் கழட்டக் கூடாது. டீ குடிக்கும்போதும்!"

"டீ குடிக்கையில என்னய்யா விபத்து?"

"சொல்லிட்டா வரும்?"

டீ விஷயம் சிரிப்போடு தோற்றது. ஆனால் ஞாயிறன்று அவர் மேட்டுச்சாலையை இறங்காமல் ஏறினார், அதுவும் முதல் ஆளாக. மேலே எல்லாரும் ஹெல்மெட்டைக் கழற்றி விசிறிக்கொள்ள, ஜெயித்தவர் மட்டும் மாட்டியபடியே நின்றார். காதோரமாக வியர்வை கொட்டியது.

கடைசியாக மூச்சிரைக்க வந்து சேர்ந்தார் பொருளாளர்.

"வேகலையா செயலாளரே?"

"இல்லவே இல்ல."

பொருளாளர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் காதோரம் குனிந்தார். "உள்ள இருக்கறதைக் கழட்டிட்டு ஓட்டினா நிஜமாவே உச்சிக்குக் காத்து வருமா?"

கேட்டுவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றி, அதோடு சேர்ந்து கோணிப்போயிருந்த தன் கன்னங்கரேல் முடியை இரண்டு கையாலும் பிடித்து நேராக நகர்த்தி வைத்துக்கொண்டார்.