பூனைக்குப் போன கதாநாயகி

அந்தப் பெண்பூனைக்குப் பெயர் வைத்த மறுநாள் காலை, அச்சில் இருந்த ஒரு நாவலின் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களிலிருந்தும் கதாநாயகி காணாமல் போனாள். அவள் பெயர் இருந்த இடமெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. கதாநாயகன் காலி நாற்காலியைப் பார்த்துக் காதல் வசனம் பேசிக்கொண்டிருந்தான். மெய்ப்புத் திருத்துபவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஓரத்தில் சிவப்பு மையால் குறித்துத் திருப்பி அனுப்பினார். உலகத்தில் எது குறைந்தாலும் அவருக்கு அது அச்சுக்கோப்பவர் விட்டதுதான். மூன்று முறை திரும்பக் கோத்தார்கள். மூன்று முறையும் மை காய்வதற்குள் பெயர் கழன்றுகொண்டது.

தப்பு அவர் வீட்டில்தான் நடந்திருந்தது. மாலையில் அவர் மெய்ப்பைப் பிடித்துக்கொள்ள, மனைவி கையெழுத்துப் பிரதியை உரக்கப் படிப்பாள். நிறுத்தக்குறிகளையும் விடமாட்டாள். காதலும் கொலையுமாக எத்தனையோ நாவல்கள் கமாவும் முற்றுப்புள்ளியுமாய் அந்தக் கூடத்தில் ஒலித்திருக்கின்றன. அப்படிப் படித்துக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாக ஒரு சாம்பல்நிறப் பூனை வந்து அவள் மடியில் ஏறியது. பிள்ளையில்லாத அந்த வீட்டில் அவள் மடியில் யாரும் அப்படி உரிமையோடு ஏறியதில்லை. சந்தோஷத்தில், வாயில் அப்போது இருந்த கதாநாயகியின் பெயரையே சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள்.

அச்சக முதலாளி சத்தம் போட்ட பிறகு, பெயரைப் பூனையிடமிருந்து திரும்ப எடுத்தார்கள். கதாநாயகி அன்றே பக்கங்களுக்கு வந்து சேர்ந்தாள், உடையெல்லாம் பூனைமுடியோடு. ஆனால் பூனை மங்கத் தொடங்கியது. முதலில் வால் போயிற்று. பிறகு வயிற்றின் வழியே தரைக்கல் தெரிந்தது. செல்லப் பெயர்கள் எதற்கும் அது காதை அசைக்கவில்லை. கதைக்குள் வாழ்ந்த பெயர்தான் அதற்கு ஒட்டியது. நூலகப் புத்தகங்களிலிருந்து இரண்டு பெண்களை இரவல் வாங்கிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் நூலகர் வாசலில் வந்து நின்றார்.

பூனையின் கண்கள் மட்டும் மிஞ்சியிருந்த காலையில், மனைவி தையல் இயந்திரத்தின் இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். பத்தொன்பது வயதில் அவள் எழுதிய நாவல்.

"இத்தனை வருஷமா ஏம்மா எங்கிட்ட காட்டல?"

"காட்டினா திருத்திடுவீங்க."

அவருக்குச் சுருக்கென்றது. அவள் குனிந்து அந்த நாயகியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நோட்டில் பெயர் இருந்த இடங்கள் வெளுத்தன. பூனைக்கு உடம்பு வந்தது. அந்தப் பெயரை இங்கே எழுதலாம் என்றுதான் பார்த்தேன், தாளில் நிற்கவில்லை.

அதன்பின் பூனை அந்த நோட்டை வாழத் தொடங்கியது. இரண்டாம் அத்தியாயத்தில் மணிக்கூண்டின் முள்மேல் உட்கார்ந்து ஊருக்கு அரைமணி நேரத்தை மிச்சப்படுத்தியது. ஆறாம் அத்தியாயத்தில் ஆற்றை நடந்தே கடந்தது. அவர் குடையும் கையுமாகப் பின்னாலேயே அலைந்து, மனைவியின் கதையை முதன்முதலாகப் படித்தார். ஒரு வருடம் ஆயிற்று. ஒருநாள் சாப்பிடும்போது, "நல்லாத்தான் எழுதியிருக்க" என்றார். அவள் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

"கடைசியில அவ என்ன ஆவா?"

"வீட்டை விட்டுப் போயிடுவா."

"திரும்பி வருவாளா?"

"அதுவரைக்கும் எழுதலைங்க. அதுக்குள்ள எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு."

புதன்கிழமை மத்தியானம் பூனை போய்விட்டது. அவள் அழவில்லை. பாலை மட்டும் கிண்ணத்தில் ஊற்றி ஊற்றி மாற்றிக்கொண்டிருந்தாள். அவருக்குத்தான் வீட்டில் இருப்பே கொள்ளவில்லை. அச்சகத்திலிருந்து ஒரு கட்டுத் தாளைத் தோளில் சுமந்துவந்து தையல் இயந்திரத்தின்மேல் வைத்தார். சிவப்புப் பேனாவை அச்சகத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பத்தொன்பது நாள் அவள் எழுதினாள். பத்தொன்பது நாளும் குழம்பு தீய்ந்தது.

இருபதாம் நாள் அவள், "அவள் திரும்பி வந்தாள்" என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தாள். ஜன்னலில் பூனை நின்றது. அதன் பின்னால் மூன்று குட்டிகள். குட்டிகளைப் பற்றி அவள் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. மூன்றின் ஊடாகவும் எதிர்வீட்டுச் சுவர் தெளிவாகத் தெரிந்தது.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"மூணு கட்டுத் தாள் போதுமா?"

"நாலா வாங்கிட்டு வந்துடுங்க" என்றாள் அவள், பேனாவுக்கு மை நிரப்பிக்கொண்டே.